நீங்க தூங்கல மாமா

இல்ல மாமா, மல்லாக்கப் படுக்கல. குப்புறவும் படுக்கல. ஒருக்களிச்சுத்தான் படுக்குறேன், எடப்பக்கமா. முதுகுல உங்க குண்டு இருக்கு. போதுமா?

நீங்க கேக்கலன்னு தெரியும். ஆனா அடுப்புல மைதாப் பசை கொதிச்ச வாசம் வந்ததும், பின்னாடி நின்னு நீங்க கேட்ட மாதிரியே இருந்துச்சு. பூச்சி அரிக்காம இருக்க மயில்துத்தம் ஒரு துண்டு போட்டிருக்கேன். அந்தக் கரிச்ச வாசம் உங்க சட்டையில எந்நேரமும் இருக்கும். காலண்டர் கம்பெனிலேர்ந்து வந்து நீங்க செருப்பக் கழட்டும் முன்னாடியே அது வீட்டுக்குள்ள வந்து உக்காந்துக்கும். "கையக் கழுவிட்டு வாலே மொதல்ல"ன்னு அம்மா அடுப்படிலேர்ந்து கத்தும். நீங்க தட்டு முன்னாடி உக்காந்து, மொத வாய வைக்கும் முன்னாடி கண்ணச் சொருகிருவீக.

பசை ஆறணும். சூட்டோட தடவினா போஸ்டர் சுருட்டிக்கிட்டு வந்துரும். ஆறுற வரைக்கும் வேற வேல இல்ல, சும்மா உக்காரவும் எனக்கு வராது. கையில வெத்துத் தாளும் இல்ல. அதான் ஒரு போஸ்டரத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்துல உங்களுக்கு எழுதுறேன். என்ன போஸ்டர்னு கேக்காதீக. அதுக்குத்தான் வர்றேன்.

மொதல்ல மெஷின் கதை.

மெஷின் வந்து ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. டிபன் பாக்ஸ் பெருசுல ஒரு பெட்டி. அதுலேர்ந்து ஒரு குழாய். குழா முனையில மூக்குல மாட்டுற மாஸ்க். தூங்கும்போது தொண்ட மூடிக்கிட்டு மூச்சு நின்னு நின்னு வருதுல்ல, அது மூடாம இருக்க காத்த உள்ள தள்ளிக்கிட்டே இருக்கும். அம்புட்டுத்தான். எனக்குத்தான் அது. இருபத்தோரு வயசுல, தென்னங்குச்சி மாதிரி இருக்கேன், எனக்கு. ஆமத்தூர் தாண்டி வரும்போது வண்டியோட போய் ஒரு வேலிக்கல்லுல முட்டி நின்னேன். பட்டப்பகல். என் குட்டியானை வண்டில காலண்டர் அட்டை லோடு. கண்ணு எப்ப மூடுச்சுன்னே தெரியல. ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல. அன்னைக்கே அம்மா என்னைய மதுரைக்கு இழுத்துக்கிட்டுப் போயிருச்சு. உங்களக் கூட்டிட்டுப் போகாத மதுரைக்கு.

"குண்டா இருக்கவுகளுக்குத்தான வரும்?"னு கேட்டேன். டாக்டர் என் தாடையப் புடிச்சு அங்கிட்டும் இங்கிட்டும் திருப்பிப் பாத்தாரு. "தாடை சின்னது, உள்ள தள்ளி இருக்கு. வீட்டுல வேற யாருக்கும் இப்படி இருக்கா?"ன்னாரு. அம்மா சேலத் தலப்ப எடுத்து வாயில வச்சுக்கிச்சு. அதுலயே எனக்கு வெளங்கிருச்சு. வீட்டுல எல்லாரும் சொல்றதுதான், மாமன் தாடைய அப்படியே ஒட்ட வச்ச மாதிரி இருக்குன்னு.

நான் பொறந்ததுலேர்ந்து குப்புறப் படுத்தவன். உங்களுக்குத் தெரியாததா. மூஞ்சியத் தலகாணிக்குள்ள புதச்சு, ஒரு கால மடக்கி, பல்லி மாதிரி. மாஸ்க்க மாட்டிக்கிட்டு அப்படிப் படுத்தா மூக்குத்தண்டு நசுங்குது, காத்து மேல ஏறிக் கண்ணுக்குள்ள அடிக்குது. காலைல கண்ணு ரெண்டும் மொளகாப்பொடி விழுந்த மாதிரி செவந்து கெடக்கும். சரின்னு மல்லாக்கப் படுத்தேன். மாஸ்க்கு அழகா உக்காந்துச்சு. ஆனா தாடை கீழ விழுந்து, வாய் தொறந்து, உள்ள தள்ளுற காத்தெல்லாம் வாய் வழியா வெளிய போயிருது. முழிக்கிறப்ப தொண்ட வெயில்ல வெடிச்ச கரிசக் காடாட்டம் இருக்கு. அதோட, மல்லாக்கப் படுக்குறப்பதான் எனக்கு மூச்சு நெறைய நிக்குதுன்னு டெஸ்டுல வந்திருக்கு.

ஒருக்களிச்சுப் படுத்தா தலகாணி மாஸ்க்க ஒரு பக்கமாத் தள்ளும். நமுத்துப்போன புஸ்வாணத்தப் பத்த வச்ச மாதிரி புஸ்ஸுன்னு சத்தம். பொரண்டா குழாய் கக்கத்துல மாட்டிக்கிட்டு மாஸ்க்கயே உருவிட்டுப் போயிரும். ஆத்திரத்துல மொத வாரம் ரெண்டு தடவ கழட்டி எறிஞ்சேன். அம்மா எடுத்து தொடச்சு தொடச்சு வச்சுச்சு.

மதுரை ஆஸ்பத்திரில மாஸ்க் மாட்டிக் காட்டுன அக்காவுக்குப் போனப் போட்டேன். "தம்பி, மாஸ்க் வார இறுக்கிக்கிட்டே போகாத, அது என்ன கேஸ் சிலிண்டர் வாஷரா? படுத்த பிறகு மாட்டி லேசா சரி பண்ணு. குழாயத் தலைக்கு மேல கொண்டு போ. மாஸ்க் தலகாணி விளிம்புக்கு வெளிய நிக்கட்டும். பகல்ல முழிச்சிருக்கும்போதும் கொஞ்ச நேரம் மாட்டிப் பழகு"ன்னாங்க. சரின்னு டிவி பாக்குறப்பவும் மாட்டிக்கிட்டு உக்காந்தேன். பக்கத்து வீட்டுச் சித்தி மாவு வாங்க வந்து வாசல்லயே நின்னுட்டாக.

"என்னலே இது, தும்பிக்க மொளச்சிருக்கு? வாழப்பழம் கொண்டாரவா?"

"ரெண்டு சீப்பாக் கொண்டாங்க சித்தி. ஆசீர்வாதம் பண்றேன்."

அவுக சிரிச்சுக்கிட்டே போயிட்டாக. அம்மா கதவச் சாத்த ஓடுச்சு. "நாலு பேரு பாத்தா நாளைக்கு எவன்டா பொண்ணு குடுப்பான்?"னுச்சு. நான் எந்திரிச்சுப் போயி சன்னலையும் சேத்துத் தொறந்து விட்டேன். பாக்கட்டும். ஒளிச்சு வச்சுத்தான உங்கள விட்டோம்.

அப்புறம் ஒவ்வொண்ணாச் சரி பண்ணினேன். துணி காயப் போடுற கொடிக் கயித்தத் தலைக்கு நேரா இழுத்துக் கட்டி, பாவாட எலாஸ்டிக்க வச்சு அதுல குழாயத் தொங்க விட்டேன். பொரண்டா அதுவும் கூட வரும். தலகாணி ஓரத்துல தையலப் பிரிச்சு ரெண்டு கை பஞ்ச உருவிட்டேன். மாஸ்க் உக்கார அங்கன ஒரு பள்ளம் கெடச்சிருச்சு. தலமாட்ட கொஞ்சம் ஒசத்தினேன். குப்புறப் படுக்குற பழக்கம் போகணும்ல, அதுக்கு பிரஸ்ல தூக்கிப் போட்ட பேப்பர் ரீல் குழாய் ஒண்ணக் கொண்டாந்து போர்வையச் சுத்திக் கட்டிப்புடிச்சுக்கிட்டேன். முன்னாடி கவுற வழி இல்ல. இனி பின்னாடி. தூக்கத்துல மல்லாக்கத் திரும்பாம இருக்க என்ன வழின்னு யோசிச்சுக்கிட்டே உங்க தகரப் பெட்டியத் தொறந்தேன்.

பனியன் மடிச்சபடியே இருந்துச்சு மாமா. முதுகுப் பக்கம் அம்மா தச்ச பை. அதுக்குள்ள குண்டு.

அத நான் மறக்கல. மறக்கணும்னு நெனச்சேன், அது வேற.

நானும் நீங்களும் ஒரே ரூம்பு. உங்க கொறட்டை நம்ம தெருவுக்கே கடியாரம். எனக்கு அதுல ஒரு டியூட்டி. கொறட்டை ஏறி ஏறி வந்து, சட்டுனு நிக்கும். வீடே அமைதியாயிரும். அப்ப நான் படுத்த எடத்துலேர்ந்தே கால நீட்டி உங்க விலாவுல ஒரு எத்து எத்துவேன். நீங்க ஆன்னு ஒரு மூச்ச இழுத்து, பொரண்டு சொவத்தப் பாத்துப் படுப்பீக. கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. காலைல, "யாருலே எத்துனது?"ன்னு விலாவத் தடவுவீக. "தூங்கவிடாம கொறட்டை விட்டா எத்தத்தான் செய்வேன்"னா, "நான் தூங்கலேலே மாப்ள"ன்னு சொல்லுவீக. எப்பவும் அதேதான். தட்டு முன்னாடி கண்ணச் சொருகினாலும், பஸ்ல கம்பியப் புடிச்சுக்கிட்டே சாஞ்சாலும், இருக்கன்குடி கோயில் வரிசையில நின்னபடியே முன்னாடி நிக்கிறவரு தோள்ல தலைய வச்சாலும், தட்டி எழுப்பினா மொத வார்த்த அதுதான். "நான் தூங்கல." எல்லாரும் சிரிப்போம். பொய்ய இம்புட்டு நேர்மையாச் சொல்ற ஆளப் பாத்ததில்லன்னு.

அம்மா ஒருநா ரத்த அழுத்தம் பாக்க உங்களக் கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போச்சு. அங்கன இருந்த டாக்டரம்மா கொறட்டையப் பத்திக் கேட்டுட்டு ரெண்டு விசயம் சொன்னாங்களாம். மல்லாக்கப் படுக்க விடாதீங்க, முதுகுல ஒரு பந்த வச்சுத் தைங்க. இது ஒண்ணு. மதுரைக்குப் போய் தூக்கத்துக்கு ஒரு டெஸ்ட் எடுங்க. அது ரெண்டு. நம்ம வீட்டுக்கு மொத விசயம் மட்டுந்தான் வந்து சேந்துச்சு. ரெண்டாவது சீசன்ல போயிருச்சு. காலண்டர் சீசன்ல உங்களுக்கு லீவு கிடையாது, தீவாளி சீசன்ல அம்மாவுக்குக் கிடையாது. எந்தச் சீசனும் இல்லாத மாசம் ஒண்ணு வரும்னு இருந்தோம்.

வேற வீடா இருந்தா கடையில ஒரு ரப்பர் பந்து வாங்கியிருப்பாங்க. எங்கம்மா பட்டாசு ஆலையில அணுகுண்டு வெடிக்கு நூல் சுத்துற கை. புதுசா வர்ற பொண்ணுகளுக்குச் சுத்திக் காட்ட, மருந்தே போடாம வெத்துப் பெட்டில சணல் சுத்தி வச்சிருப்பாங்கல்ல, அதுல பெருசா ஒண்ணக் கேட்டு வாங்கிட்டு வந்துச்சு. கல்லு மாதிரி இருக்கும். "பந்து நசுங்கும்லே, இது நசுங்காது"ன்னு பெருமை வேற. உங்க பனியன்ல பை தச்சு உள்ள வச்சுக் குடுத்துச்சு. நீங்க அதப் போட்டுக்கிட்டு ரூம்புக்குள்ள ஒட்டகம் மாதிரி நடந்து காட்டுனீக. நான் வயித்தப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சேன்.

ஆனா வேல செஞ்சுச்சு மாமா. அந்த ஒரு வாரம் உங்கள எத்த வேண்டிய தேவ கொறஞ்சுச்சு. தட்டு முன்னாடி முழுச் சாப்பாட்டையும் முழிச்சிருந்து சாப்புட்டீக. "அக்கா, ரசத்துல புளி சாஸ்தி"ன்னு கூடச் சொன்னீக. அம்மா திட்டிக்கிட்டே சிரிச்சுச்சு.

அந்த வாரக் கடைசில, அவசரத்துல அந்தப் பனியனோடயே சட்டையப் போட்டுக்கிட்டு கம்பெனிக்குப் போயிட்டீக. அதான் நடந்த தப்பு. வேற ஊருல நடந்திருந்தா அது தப்பே இல்ல.

மத்தியானம் புழுக்கம். சட்டையக் கழட்டி ஆணியில மாட்டிட்டு பேப்பர் கட்டு மேல உக்காந்தீக. பின்னாடி சாய முடியல, குண்டு குத்துது. அதனால முன்னாடி குனிஞ்சு, முழங்கால்ல முழங்கைய ஊன்றி, வாயத் தொறந்து கண்ணசந்துட்டீக. பனியன் பை கிழிஞ்சு, சணல் நூல் முனை ஒண்ணு வெளிய நீட்டிக்கிட்டு இருந்துச்சு. அந்தப் பக்கமா வந்த பைண்டிங் செக்சன் ஆளு ஒருத்தரு அதப் பாத்துட்டாரு. நம்மூருல நூல் சுத்துன உருண்டையும் அதுலேர்ந்து நீட்டுற ஒரு முனையும் என்னன்னு கைக்கொழந்தைக்கும் தெரியும்.

"ஏலே, வெடி! திரி வச்ச வெடிலே! முதுகுல கட்டியிருக்கான்!"

கூரை முட்ட பேப்பர் அடுக்கின கம்பெனி. மொத்தப் பேரும் வெளிய ஓடிட்டாக. ஆப்செட் மிஷினு தானா ஓடித் தாளத் துப்பிக்கிட்டே இருந்துச்சாம். உள்ள நீங்க ஒருத்தரு மட்டும் உக்காந்தபடி. கடைசில போர்மேன் ஒரு தொடப்பக் கட்டையோட எட்டி எட்டி வந்து உங்களத் தட்டுனாரு. நீங்க கண்ணத் தொறந்து சொன்னது, "நான் தூங்கல."

வெத்துக் குண்டுன்னு தெரிஞ்சதும் ஓடுன வெக்கமெல்லாம் உங்க மேல திரும்பிருச்சு. போர்மேன் தட்டுறதுக்கு முன்னாடியே போன்ல ஒரு படம் எடுத்து வச்சிருந்தாரு. மறுநாள் அந்தப் படத்த வச்சு தினசரி காலண்டர் தாள் மாதிரியே ஒண்ணு அடிச்சாங்க. கம்பெனியே காலண்டர் கம்பெனி, டிசைனுக்குப் பஞ்சமா? மேல பெருசா உங்க தொறந்த வாயி. கீழ, ராகு காலம்: வேலைக்கு வந்ததிலிருந்து வீட்டுக்குப் போகும் வரை. நல்ல நேரம்: டீ டைம். விசேஷம்: தூங்குமூஞ்சி ஜெயந்தி. வேஸ்ட் தாள்ல ஒரு கட்டு ஓட்டி, டீக்கடைச் சொவத்துலேர்ந்து சைக்கிள் ஸ்டாண்டு வரைக்கும் ஒட்டினாங்க. அன்னைக்கு நீங்க வேலைக்குப் போயி ஒவ்வொண்ணாக் கிழிச்சுக்கிட்டே உள்ள போனீகளாம். ஒண்ண மட்டும் மடிச்சுப் பைல வச்சுக்கிட்டு வந்தீக. எதுக்குன்னு இன்னும் எனக்குப் புரியல. அது பெட்டில பனியனுக்கு அடியில இருந்துச்சு.

அந்த வாரமே வேலைய விட்டு நிறுத்திட்டாங்க. கட்டிங் மிஷின்லேர்ந்து முன்னாடியே எறக்கினாங்களே, அதுல நான் தப்புச் சொல்ல மாட்டேன். கத்தி அது. கண்ணசந்தா கை போயிரும், உங்க கையோ அடுத்தவன் கையோ. ஆனா எறக்கினதோட நிக்கலாம்ல. ஒரு மனுசன் சாப்புடும்போது தூங்குறான், நின்னுக்கிட்டே தூங்குறான், ஊரே ஓடும்போது தூங்குறான், இவனுக்கு என்னமோ ஆகுதுன்னு ஒரே ஒருத்தருக்குக் கூடவா தோணல?

எனக்கும் தோணல. அதச் சொல்லாம இந்த மடலுக்கு மதிப்பில்ல.

பாலிடெக்னிக்க நான் ரெண்டாம் வருசத்துல விட்டுட்டு வந்தப்ப நீங்க வீட்டுல சும்மா இருந்தீக. "படிச்சா என்னலே, அம்புட்டுச் சோம்பலா?"ன்னு ஒரே ஒரு வார்த்த கேட்டீக. எனக்குச் சுர்ருன்னு ஏறிருச்சு. "யாரு யாரச் சொல்றது? ஊரே காலண்டர் அடிச்சு ஒட்டின தூங்குமூஞ்சி நீங்க. எனக்குப் புத்தி சொல்ல வந்துட்டீக"ன்னுட்டேன். நீங்க "நான் தூங்கல"ன்னு கூடச் சொல்லல. பாயச் சுருட்டிக் கக்கத்துல வச்சுக்கிட்டு மச்சுல இருந்த தகரக் கொட்டகைக்குப் போயிட்டீக. பனியனயும் அவுத்துப் பெட்டில போட்டுட்டீக. அங்கன எத்துறதுக்கு ஆளு இல்ல.

மூணாவது மாசம், ஒரு மத்தியானம், சாப்பாட்டுக்குக் கூப்புட அம்மா மேல போச்சு. நீங்க மல்லாக்கப் படுத்திருந்தீக.

நெஞ்சு நின்னு போச்சுன்னாங்க. எனக்கு இப்ப மருத்துவம் பாக்குற டாக்டருகிட்ட நேராவே கேட்டேன், இதனாலதான் செத்தாரான்னு. "நான் அவரப் பாக்கல தம்பி, அப்படி எழுதிக் குடுக்க முடியாது. ஆனா நீ சொல்றத வச்சுப் பாத்தா அவருக்கும் இது இருந்திருக்கும். பகல்ல அப்படித் தூங்கி விழுந்தது சோம்பல் இல்ல"ன்னாரு. அம்புட்டுப் போதும் எனக்கு. சாவுக்குக் காரணம் தேடல நான். ஊரு உங்களுக்கு வச்ச பேருக்குத்தான்.

இந்த ஒரு மாசமா எப்படிப் படுக்குறதுன்னு பழகுறேன்ல, அப்பதான் ஒண்ணு புரிஞ்சுச்சு. மெஷின் இல்லாம நீங்களும் இதத்தான் பழகிருக்கீக. சொவத்துல சாஞ்சு உக்காந்தபடி தூங்குவீகள்ல, சோம்பேறி படுக்கக் கூட அலுத்துக்கிறான்னு சொன்னோம். தல ஒசந்தா தொண்ட கொஞ்சம் தொறக்கும் மாமா. அதுக்குத்தான். மேச மேல கவுந்து தூங்குவீக. கவுந்தா நாக்கு முன்னாடி விழும், மூச்சு வரும். ரெண்டு தலகாணியையும் நீங்களே புடுங்கிக்குவீக, நான் சண்டைக்கு வருவேன். தலமாட்டு ஒசரம். சொவத்தப் பாத்து ஒருக்களிப்பீக, கொஞ்ச நேரத்துல அசந்து மல்லாக்க விழுவீக, மூச்சு நிக்கும், பதறி முழிப்பீக, திரும்ப ஒருக்களிப்பீக. விடிய விடிய இதான். அந்த அக்கா என் டெஸ்ட் தாளக் காட்டி, "தூங்குற மாதிரி தெரியும், ஆனா நீ தூங்கவே இல்ல தம்பி, மூச்சு நிக்கிறப்பல்லாம் முழிச்சிருக்க"ன்னாங்க. அதத்தான நீங்க வாழ்நாள் பூரா சொல்லிக்கிட்டு இருந்தீக. நாங்க சிரிச்சுக்கிட்டு இருந்தோம்.

நான் தூங்கல, நான் தூங்கலன்னு. நெசத்தச் சொன்னீக மாமா.

இன்னைக்கு வருசம் திரும்புது. அம்மா ஸ்டுடியோ படம் குடுத்துச்சு, சட்டப் பொத்தானெல்லாம் போட்டு, பவுடர் பூசி எடுத்தது. கம்ப்யூட்டர் கடையில பிரண்டு கேட்டான், "புறா வேணுமா, வெளக்கு வேணுமா? கண்ணீர் அஞ்சலியா, இதய அஞ்சலியா?" ஒண்ணும் வேணாம்னுட்டேன். நீங்க மடிச்சு வச்சிருந்த அந்தக் காலண்டர் தாள நீட்டினேன். அதே படம். அதே தொறந்த வாயி. கீழ நான் எழுதினது இது.

"இந்தப் படத்தில் இருப்பவர் தூங்கவில்லை. மூச்சுக்கு வழி தேடுகிறார். இவர் சோம்பேறி இல்லை. உங்கள் வீட்டில் இப்படிக் குறட்டை நின்று நின்று வந்து, பகலில் தூங்கி விழுபவர் இருந்தால் திட்டாதீர்கள். மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். முதலாம் ஆண்டு நினைவு. இப்படிக்கு, இவரைத் தூங்குமூஞ்சி என்று திட்டிய அக்கா மகன்."

சேதி எப்படியோ போர்மேன் காதுக்குப் போயிருச்சு. நேத்து அட்டை லோடு ஏத்தப் போனப்ப என்னைய ஓரமாக் கூப்புட்டாரு.

"செத்தவன் பேர வச்சு எதுக்குலே வம்பு? நல்ல படமாப் போட்டு ஒட்டு. நானே மாலை கொண்டாந்து போடுறேன்."

"இந்தப் படம் நல்லாத்தான இருக்கு? நீங்க எடுத்ததுதான்."

"வெளாட்டுக்கு எடுத்ததுலே அது."

"நானும் வெளாட்டுக்குத்தான் ஒட்டுறேன்."

அவரு மொகம் சுருங்கிருச்சு. "கம்பெனி எதிர்ல அது ஏறுச்சுன்னா, அப்புறம் லோடுன்னு இந்தக் கேட்டுப் பக்கம் வராத"ன்னாரு. என் வண்டிக்கு வாரத்துல பாதி நாளு அவுக லோடுதான். அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். "சரிண்ணே"ன்னுட்டு ஏத்தின லோட பத்திரமாக் கொண்டு போயி எறக்கிட்டு வந்தேன். கண்ணசரல. இப்பல்லாம் அசர்றதில்ல. காரியாபட்டி வரைக்கும் போயித் திரும்பி வந்தேன், ஒரு கொட்டாவி இல்ல. நாள் பூரா முழிச்சிருக்கது எம்புட்டு நல்லா இருக்குன்னு உங்களுக்குத் தெரியாமயே போச்சேன்னுதான் வழியெல்லாம் ஆத்திரமா வந்துச்சு.

அம்மா சித்த முன்னாடி சண்ட போட்டுச்சு. "லோடு குடுக்குறவுகளப் பகைச்சுக்கிட்டு என்ன பண்ணப் போற? அதுவும் வாயப் பொளந்த படம். என் தம்பிய ஊரு மறுபடியும் சிரிக்கணுமா?"ன்னுச்சு. நான் ஒரு போஸ்டர விரிச்சு வச்சுட்டு அடுப்பப் பத்த வைக்கப் போயிட்டேன். திரும்பி வந்து பாத்தா அம்மா தரையில உக்காந்து எழுத்துக்கூட்டிப் படிச்சுக்கிட்டு இருக்கு. படிச்சு முடிச்சும் எந்திரிக்கல. வெரல வச்சுப் படத்துல உங்க முதுகுகிட்டத் தடவுச்சு.

"கிழிஞ்ச பனியன் மேல தாள் ஒட்டி மறைச்சிரட்டுமா?"ன்னு கேட்டேன்.

"வேணாம்லே. நூல் தெரியட்டும். நான் சுத்துனது அது."

அப்புறம் அதுவே எந்திரிச்சுப் போயி மயில்துத்தம் எடுத்துக் குடுத்துச்சு. "போடு. இல்லன்னா கரப்பான் தின்னுரும்"னுச்சு.

இப்ப இப்படித்தான் படுக்குறேன். எடப்பக்கம், தலமாட்டு ஒசத்தி, குழாய் கொடியில, முன்னாடி ரீல் குழா, பின்னாடி உங்க குண்டு. பனியன் எனக்குத் தொளதொளன்னு இருக்கு. அசந்து மல்லாக்கத் திரும்பினா முதுகுல நங்குன்னு ஒண்ணு குத்தும். திரும்ப ஒருக்களிச்சுருவேன். காலைல விலாவத் தடவுறேன். யாரு எத்துனதுன்னு எனக்குத் தெரியும்.

அந்த அக்காகிட்ட சணல் குண்டு கதையச் சொன்னேன். "ஐயையோ, சிவகாசிக்காரங்களா நீங்க"ன்னு சிரிச்சுட்டு, "குத்தி முதுகு புண்ணாகாம மட்டும் பாத்துக்க. மாஸ்க்க மட்டும் விட்டுறாத, குண்டு மட்டும் போதாது"ன்னாங்க. விட மாட்டேன். இந்தக் காத்து உங்களுக்கும் சேத்து வர்ற காத்து. ஒருநாளும் விட மாட்டேன்.

பசைய இப்பத்தான் தொட்டுப் பாத்தேன். கை பொறுக்குற சூடு. நாலு மணிக்கு ஷிப்டு மாறும், வாளியத் தூக்கிட்டு அதுக்கு முன்னாடி டீக்கடைச் சொவத்துக்குப் போயிரணும். கடைக்காரரு, "ஒட்டிக்கடா, என் சொவரு, எவன் கேக்குறான்னு பாப்போம்"னுட்டாரு. மொத போஸ்டரு இதுதான் மாமா, இந்தப் பின்பக்கத்துல எழுதினதோடயே. உங்க மொகம் கம்பெனியப் பாக்கும். என் எழுத்து சொவத்தப் பாத்து ஒட்டிக்கெடக்கும். நமக்குள்ள அப்படியே இருக்கட்டும். பசை தடவுற எடத்துல மை கலங்குதான்னு பாக்கணும், இன்னும் ஒண்ணு சொல்ல நெனச்சேன், நான் சண்டைக்கு வந்த அந்த ரெண்டாவது தலகாணி...

சரி, அம்மா கூப்புடுது. பசை எறுகுதாம். நான் போறேன்.